பையம்பள்ளியும் அதிரம்பாக்கமும்: மனிதத் தொன்மைக் காலக்கணிப்புகள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

மனித இனத்தின் தொன்மை குறித்துச் சமய மரபும் இலக்கிய மரபும் அறிவியலும் வெவ்வேறு கணக்குகளைத் தந்துள்ளன. இவற்றை எண்களின் அளவைக் கொண்டு ஒப்பிடுவதே பெருவழக்கு. அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது, பிழையெனின் எவ்வாறு திருத்தப்படும் என்பவற்றைக் கொண்டு ஒப்பிடுவதே பொருத்தமாகும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழிலால் அறியப்படும் பாலாற்றுப் பகுதி இவ்வொப்பீட்டைத் தொடங்குவதற்கு ஏற்ற களமாக அமைகிறது.

படைப்புக் கணக்கு

அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், விவிலியத்தின் வழிமுறைப் பட்டியல்களிலுள்ள ஆண்டுகளை அடிப்படையாகக் கொண்டு, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டதாக 1650இல் எழுதினார். இளம்பூமிக் கொள்கையினர் இன்றும் ஏறத்தாழ 6,000 முதல் 10,000 ஆண்டுகளுக்குள் மனித வரலாற்றை அடக்குகின்றனர். எனினும், தொல்பழங்கால ஆய்வு சமயச் சூழலுக்கு முற்றிலும் புறத்தே வளர்ந்ததன்று. 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவலின் மருமகனாவார்.

இலக்கியக் கணக்கு

இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கு முறையே 4,440, 3,700, 1,850 என 9,990 ஆண்டுகளைக் கூறுகிறது. 1966இல் காட்பாடியிலிருந்து தம் ஆங்கில நூலை வெளியிட்ட தேவநேயப் பாவாணர், குமரிக்கண்டமே மாந்தன் பிறந்தகம் எனக் கொண்டு, தமிழின் தோற்றத்தை இதனினும் மிகப் பின்னோக்கிக் கொண்டுசென்றார். அஷரின் கணக்கு குறுகியது. பாவாணரின் கணக்கு விரிந்தது. ஆயினும் இரண்டும் நூலையும் சொல்லையும் முதற்சான்றாகக் கொண்டவை. மண்ணிலிருந்து எழும் மறுப்பினால் திருத்தப்படும் வாய்ப்பு இரண்டிலும் இல்லை. பாவாணரின் வேர்ச்சொல்லாய்வை இக்கணக்கினின்று பிரித்து மதிப்பிடுதல் வேண்டும்.

அகழாய்வுக் கணக்கு

பாவாணரின் நூல் வெளிவந்த அக்காலப்பகுதியிலேயே, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நிகழ்த்தியது (1964–65, 1967–68). மெருகேற்றிய கற்கோடரிகளும் கொள்ளு, பச்சைப்பயறு ஆகியவற்றின் எச்சங்களும் அங்குக் கிடைத்தன. கதிரியக்கக் கரிமக் கணிப்பு அப்புதியகற்காலக் குடியிருப்பைக் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில் வைக்கிறது. இக்காலம் அஷரின் எல்லைக்குள்ளேயே அடங்குவதால், பையம்பள்ளியைக் கொண்டு அவரை மறுத்தல் இயலாது.

முரண் வெளிப்படுவது திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில்தான். அங்குக் கிடைத்த அச்சூலியக் கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் எனச் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் நிறுவினர். இதற்கு விண்கதிர்களால் உருவாகும் ஓரிடத்தான்களின் அளவீடும், மண்ணில் பதிந்த தொல்காந்தத் திசையும் பயன்பட்டன. கதிரியக்கச் சிதைவின் வேகம் மாறியிருக்கலாம் என்போர், வெவ்வேறு இயற்கை நிகழ்வுகளைச் சார்ந்த இவ்விரு முறைகளும் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையையே சுட்டுவதற்குக் காரணம் கூறவேண்டும்.

அதே இடத்தின் இடைப் பழங்கற்காலம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என 2018இல் வெளியான ஆய்வு, அதுவரை நிலவிய கருத்தை மாற்றியது. புதிய சான்றுக்கு முன் தன் எண்ணைத் தானே திருத்திக்கொள்வது இம்முறையின் வலிமையாகும்.

முடிவுரை

அதிரம்பாக்கத்தின் தொன்மை தமிழின் தொன்மையாகாது. ஹோமோ சேப்பியன்சின் மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளுக்கு உரியவை. அக்கைக்கோடரிகளைச் செய்தோர் அவ்வினத்திற்கு முந்தியவர்கள். எனவே, 15 லட்சம் என்னும் எண்ணை ஏற்க மறுப்போரும் அதனைத் தமிழ்ப் பெருமையாக்குவோரும், சான்று எதனைச் சொல்கிறது என்பதைக் கேட்கத் தவறுகின்றனர்.