பத்து லட்சம் டாலரும் எண்பது லட்சம் பேரும்

குத்துச்சண்டை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பரவாயில்லை, யூ-டியூபில் ஒரே ஒரு பழைய சண்டையைத் தேடிப் பாருங்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ், ஹெவிவெயிட் அரையிறுதி. ஒரு பக்கம் அமெரிக்காவின் ஜான் டேட். எதிர்ப்பக்கம் ஆறடி ஐந்தங்குல உயரத்தில் கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன். மனுஷர் அவசரப்படவே மாட்டார். இடது கையை நீட்டி நீட்டி, பூட்டின வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டிருப்பார். திடீரென்று வலது கை வரும். முதல் ரவுண்டு முடிவதற்குள் டேட் கீழே கிடப்பார். அவ்வளவுதான் சண்டை.

இதே ஜான் டேட் மூன்று வருஷம் கழித்து, 1979-ல், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஜெரி கூட்ஸியை ஜெயித்து டபிள்யூ.பி.ஏ. உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அவரை ஒரே ரவுண்டில் சாய்த்த ஸ்டீவன்சன்? கடைசி வரை அமெச்சூர்.

1972 மியூனிக், 1976 மாண்ட்ரியல், 1980 மாஸ்கோ என்று வரிசையாக மூன்று ஒலிம்பிக் தங்கம். 1974, 1978, 1986 என்று மூன்று முறை உலக அமெச்சூர் சாம்பியன். காசுக்காக ஒரு சண்டை கூடப் போட்டதில்லை. 'பத்து லட்சம் டாலர் தருகிறோம், வா' என்று அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டார்கள். முகமது அலியுடன் மோதவிடுகிறோம் என்றும் ஆசை காட்டினார்கள். 'எண்பது லட்சம் கியூப மக்களின் அன்புக்கு முன்னால் பத்து லட்சம் டாலர் எம்மாத்திரம்?' என்கிற அர்த்தத்தில் அவர் சொன்ன பதில் உலகப் பிரசித்தம்.

2012 ஜூனில், 60 வயதில், ஹவானாவில் மாரடைப்பில் இறந்துபோனார். அவரைப் பற்றி எழுதுகிறவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். முதல் கட்சிக்கு அவர் பணத்தைத் துச்சமாக மதித்த மகான். இரண்டாவது கட்சிக்கு, பாவம், காஸ்ட்ரோ அரசாங்கம் கட்டிப்போட்ட கைதி. எனக்கு இரண்டு பேர் மேலும் புகார் இருக்கிறது.

முதலில், எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வி. அலியை ஜெயித்திருப்பாரா?

'ஜெயித்திருப்பார்' என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. டேட் கதையைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, லியோன் ஸ்பிங்க்ஸ். அதே மாண்ட்ரியலில் லைட் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிய அமெரிக்கர். 1977-ல் தொழில்முறைக்குப் போனார். எண்ணி ஏழே ஏழு சண்டை. எட்டாவது சண்டையில், 1978 பிப்ரவரியில், லாஸ் வேகாஸில் அலியையே தோற்கடித்துவிட்டார். ஸ்பிங்க்ஸால் முடிந்தது ஸ்டீவன்சனால் முடியாதா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால், மறுபக்கத்தையும் பார்க்கணும். மியூனிக்கில் ஸ்டீவன்சனின் பெயரை உலகத்துக்குச் சொன்ன சண்டை, டுவேன் பாபிக்குடன் நடந்தது. முந்தைய வருஷம் பான் அமெரிக்கன் போட்டியில் ஸ்டீவன்சனைத் தோற்கடித்தவர் இந்த பாபிக். மியூனிக் கால் இறுதியில், மூன்றாவது ரவுண்டில், வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார் ஸ்டீவன்சன். பெரிய வெற்றி. ஆனால், அதே பாபிக் 1977-ல் கென் நார்ட்டனிடம் ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஜெயித்த ஆளை வைத்து எடைபோட்டால், தராசு அங்கேயும் சாயும், இங்கேயும் சாயும்.

தவிர, அமெச்சூர் சண்டை என்பது மூன்று மூன்று நிமிஷமாக மூன்று ரவுண்டு. மொத்தம் ஒன்பது நிமிஷம். அலி காலத்தில் பட்டத்துக்கான சண்டை பதினைந்து ரவுண்டு. அதாவது, 45 நிமிஷம். ஸ்டீவன்சனின் சண்டைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். எதிராளி நின்று கொடுத்தால்தான் அந்த வலது கைக்கு வேலை. ஓடிக்கொண்டே இருந்தால் அவரிடம் மாற்று யோசனை குறைவு. மாண்ட்ரியல் இறுதியில் ருமேனியாவின் மிர்சியா சிமோன் இரண்டு ரவுண்டு நழுவிக்கொண்டே இருந்தார். மூன்றாவதில் ஒரு அடி சரியாக விழுந்ததும் அவர் தரப்பிலிருந்து டவலை வீசிவிட்டார்கள். மாஸ்கோவில் ஹங்கேரியின் இஸ்த்வான் லேவை மூன்று ரவுண்டும் ஓடி, தோற்றாலும் நின்றபடியே முடித்தார். இறுதியில் சோவியத்தின் பியோத்தர் ஸாயேவும் விழவில்லை. புள்ளிக் கணக்கில்தான் தங்கம் வந்தது. இகோர் விசோட்ஸ்கி என்ற இன்னொரு சோவியத் வீரரோ, முட்டி மோதி உள்ளே புகுந்து, ஸ்டீவன்சனை இரண்டு முறை தோற்கடித்திருக்கிறார்.

ஆகவே, 'அலியை நொறுக்கியிருப்பார்' என்று சத்தியம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். 'மூணு ரவுண்டு ஆள், பதினைந்துக்குத் தாங்கமாட்டார்' என்று அடித்துப் பேசுகிறவர்களையும் நம்பாதீர்கள். நடக்காத சண்டைக்கு நடுவர் கிடையாது.

சரி, இப்போது அந்தப் பத்து லட்சத்துக்கு வருவோம். முதல் கட்சி சொல்கிற மாதிரி, அது ஒரு ஏழை பணத்தை உதறித் தள்ளின கதை மட்டும்தானா?

1962-லேயே கியூபா தொழில்முறை விளையாட்டைத் தடை செய்துவிட்டது. அதனால் அமெரிக்காக்காரர் நீட்டிய காகிதம் வெறும் வேலை மாற்ற உத்தரவு இல்லை. கையெழுத்துப் போட்டால் நாட்டைவிட்டு ஓடணும். போனால் திரும்ப முடியாது. அப்பா, அம்மா, பிறந்த புவெர்ட்டோ பத்ரே, கூடப் பயிற்சி செய்த பையன்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. இதை மனசில் வைத்துக்கொண்டு அந்தப் பதிலை மறுபடி படியுங்கள். அது மேடை வசனமாகத் தெரியாது. கணக்காகத் தெரியும். பத்து லட்சத்தை வாங்கினால் எண்பது லட்சத்தை இழக்கணும். அவருக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகவில்லை.

'வேறு வழியே இல்லை, அதனால் வேண்டாம் என்றார்' என்கிற இரண்டாவது கட்சியும் பாதியைத்தான் பார்க்கிறது. வழி இருந்தது. வெளிநாடு வெளிநாடாகப் போய்வந்தவர் அவர். ஹோட்டல் வாசலைத் தாண்டினால் போதும். பிற்பாடு பல கியூப வீரர்கள் தாண்டவும் செய்தார்கள். 2000, 2004 என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கில்லர்மோ ரிகாண்டோ 2009-ல் வெளியேறி, தொழில்முறை உலக சாம்பியன் ஆனார். அவரைத் துரோகி என்று திட்ட எனக்கு மனசு வராது. ஸ்டீவன்சனை ஏமாளி என்று சொல்லவும் வராது.

இந்த இடத்தில் உங்களுக்கு லாஸ்லோ பாப் பற்றிச் சொல்லணும். ஹங்கேரிக்காரர். 1948, 1952, 1956-ல் தங்கம். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்று தங்கம் வாங்கிய முதல் ஆள். அவரும் கம்யூனிஸ்ட் நாடுதான். ஆனால், அவர் 'சரி' என்றார், அரசாங்கமும் தலையாட்டியது. முப்பது வயதைத் தாண்டி, 1957-ல் தொழில்முறைக்குப் போனார். 29 சண்டையில் 27 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்லை. 1965-ல் உலகப் பட்டத்துக்கு மோதுகிற நேரம் நெருங்கியபோது, அதே அரசாங்கம் அனுமதியைப் பிடுங்கிக்கொண்டது. கதை முடிந்தது.

ஆக, 'வேண்டாம்' என்றவர் அலியுடன் மோதவில்லை. 'சரி' என்றவருக்கும் உலகப் பட்டச் சண்டை கிடைக்கவில்லை. ஒரு வீரனின் 'ஆம்', 'இல்லை' இரண்டுக்குமே மேலே ஒரு கை இருந்தது. மகான் கட்சி மறந்துபோவது இதைத்தான். ஸ்டீவன்சனுக்கும் அந்தக் கை வேலை காட்டியது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸை கியூபா புறக்கணித்தது. நான்காவது தங்கம் கிடைத்திருக்குமோ என்னவோ, முயற்சி செய்யக்கூட விடவில்லை. 1988 சியோலும் அப்படியே. நடுவில் 1986-ல், 34 வயதில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலேயே, ரீனோ நகரத்தில், உலக அமெச்சூர் பட்டத்தை ஜெயித்துக் காட்டினார். டாலர் சண்டைகளின் தலைநகரமான மாநிலத்தில் ஒரு டாலர் வாங்காமல்!

2022-ல் கியூபா தன் தடையைத் தளர்த்தியது. அந்த வருஷம் மே மாதம் மெக்ஸிகோவில் கியூப வீரர்கள், அரசாங்கத்தின் சம்மதத்தோடு, காசுக்குச் சண்டை போட்டார்கள். ஸ்டீவன்சன் இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. ஊரைவிட்டு ஓடாமல் காசும் வாங்கலாம் என்கிற அந்த மூன்றாவது வழியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அமெரிக்காவும் கொடுக்கவில்லை, கியூபாவும் கொடுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். ஸ்டீவன்சன் பற்றி இனி எங்கேயாவது படித்தால், 'வேண்டாம்' என்றவரை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டில் ஒன்றை இழந்தே ஆகணும் என்று கேள்வியை அமைத்தவர்களையும் கொஞ்சம் பாருங்கள். பிறகு, அந்த மாண்ட்ரியல் சண்டையை இன்னொரு தரம் ஓடவிடுங்கள். அவருக்கு என்ன கிடைக்காமல் போச்சு என்கிற யோசனையே அப்போது வராது. அந்த இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.