ஒப்பனையற்ற முகங்கள்

சிற்றூரில் கூலிக்கு நிழற்படம் எடுத்தவரின் பணி கலையாகுமோ எனின், ஆகும் என்பதற்கு மைக் டிஸ்பார்மர் (1884–1959) சான்றாவார்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஹீபர் ஸ்பிரிங்சில் அவர் நிழற்பட நிலையம் நடத்தினார். மேயர் என்னும் குடிப்பெயருக்கு உழவர் எனப் பொருள்கொண்டு, தாம் உழவரல்லர் எனக் காட்டவே 1939இல் ‘டிஸ்பார்மர்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டார். உழவரிடமிருந்து விலகி நின்ற அவரே உழவரின் உண்மை முகத்தைப் பதித்தார் என்பது வியப்புக்குரியது.

1939 முதல் 1946 வரை அவர் எடுத்த படங்களில் ஓவியத் திரை இல்லை. வரவழைத்த புன்னகையும் இல்லை. வெற்றுப் பின்னணியில் உழவர் குடும்பத்தாரும் போர்வீரரும் தத்தம் இயல்பில் நிற்கின்றனர். இவ்விறுக்கத்தைக் கலைஞரின் கடுமை என்பாருளர். பிறர் முகத்தைத் திருத்த முனையாத மதிப்பு என்பதே என் கருத்து. வறுமையும் உழைப்பும் அங்கு இரக்கம் வேண்டி நிற்கவில்லை. நிமிர்ந்து நம்மை நோக்குகின்றன.

அவர் மறைந்தபின் கண்ணாடித் தகடுகளை ஊரார் ஒருவர் வாங்கிக் காத்திராவிடில், அவை 1976இல் நூலாகி உலகறிந்திரா. கெப்பாலா பத்தாஸ் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் பழைய படங்களும் அத்தகையனவே. அவற்றின் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் குறித்துவைக்க மாணவரைத் தூண்டுவோம். முகமறிந்து பெயர்கூறும் முதியோர் இன்னும் நம்மிடையே உளர்.