சாலமோன் வீட்டுப் பிள்ளை

அரசியல் சட்டம் என்றால் குடிமக்களின் உரிமையைப் பேசும் ஏடு என்று நாம் எண்ணுகிறோம். எத்தியோப்பியாவின் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டினாலோ, முதற்கண் நம்மை வரவேற்பது பரம்பரைக் கதை! எருசலேம் மன்னன் சாலமோனுக்கும் ஷீபா அரசிக்கும் பிறந்த மெனெலிக்கின் வழிவந்தோர்க்கே அரியணை உரியதாம். நான்காம் விதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: பேரரசரின் உடல் புனிதமானது, அவர் ஆற்றல் கேள்விக்கு அப்பாற்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையில் அமர்ந்திருந்த நாடு எழுதிக்கொண்ட சட்டம் இது.

இக்கதையின் களஞ்சியம் ‘கெப்ர நகஸ்ட்’ என்னும் நூல். 14-ஆம் நூற்றாண்டில் கீயெஸ் மொழியில் தொகுக்கப்பட்டது. “உன் அரண்மனைப் பொருள் எதையும் தொடேன்” என்று அரசி ஆணையிடுகிறாள். சாலமோன் காரமான உணவுகளாகப் படைக்கிறான். நள்ளிரவில் தாகம் தாளாமல் அவள் தண்ணீரைத் தொடுகிறாள். ஆணை முறிந்தது, அவன் எண்ணம் நிறைவேறியது. ஒரு குவளை நீரில் ஒரு பேரரசே பிறந்துவிட்டது! கற்பனையாகப் படிப்போரோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் 1270-இல் ஆட்சியைக் கைப்பற்றிய குலம் அதையே பட்டயமாக்கிக் கொண்டதே, அங்குதான் நம் வழக்கு. 1868-இல் மக்தலாவைச் சூறையாடிய ஆங்கிலப் படை அந்நூலையும் கொண்டு சென்றது. 1872-இல் நான்காம் யோஹன்னிஸ் மன்னர் இலண்டனுக்கு மடல் தீட்டினார்: அந்நூல் இல்லையேல் என் மக்கள் என் சொல் கேளார், திருப்பித் தருக! புராணம் எதற்குப் பயன்படுகிறது என்று பகுத்தறிவாளர் சொன்னால் பகை என்பர். இங்கே சொன்னவர் மன்னரே.

1892-இல் பிறந்த தஃபாரி, 1930-இல் முடிசூடி ஹைலே செலாசி ஆனார். திரித்துவத்தின் ஆற்றல் என்பது அப்பெயரின் பொருள். அவரை வெறும் கொடுங்கோலர் என்று ஒதுக்கிவிட நாம் ஒப்போம். முசோலினியின் படை நச்சுப்புகை வீசி நாட்டைப் பிடித்தபோது, 1936 ஜூன் 30 அன்று ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்றார். இத்தாலியச் செய்தியாளர்கள் சீழ்க்கையடித்து இழிவு செய்தனர். கலங்காமல் தம் அம்ஹாரிக் மொழியிலேயே முழங்கினார். சிறுநாட்டுக்கும் நீதி வேண்டும் என்ற அக்குரல் உண்மைக் குரல்.

உலகத்தாரிடம் கேட்ட நீதியை உழவனுக்கு அவர் அளித்தாரா? தென்பகுதியில் குத்தகை உழவர் விளைச்சலில் பெரும்பங்கை நிலவுடைமையாளர்க்கு அளந்து கொட்டினர். பிரபுக்களிடமும் திருச்சபையிடமும் நிலம் குவிந்து கிடந்தது. பள்ளிகள் திறந்தார், தம் அரண்மனை ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கே ஈந்தார். அங்கே படித்த மாணவர்கள்தாம் 1965-இல் “உழுபவனுக்கே நிலம்” என்று தலைநகர்த் தெருவில் முழங்கினர். கல்வியைக் கொடுத்தவர் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலும்!

1973-இல் வொல்லோ மாநிலத்தில் பஞ்சம். பல்லாயிரவர் மாண்டனர், அதிகாரிகள் மறைத்தனர். கேள்விக்கு அப்பாற்பட்ட ஆற்றலிடம் பட்டினியைப் பற்றி முறையிடுவது யார்? பிரிட்டிஷ் செய்தியாளர் ஜோனதன் டிம்பிள்பி எடுத்த படமே உலகுக்கு உண்மையைக் காட்டியது. அப்படத்தோடு அரண்மனை விருந்துக் காட்சிகளையும் இணைத்து, இராணுவக் குழுவினர் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினர். மறுநாள், 1974 செப்டம்பர் 12, சாலமோன் வழித்தோன்றலைச் சிறிய வோக்ஸ்வேகன் காரின் பின்னிருக்கையில் ஏற்றிச் சென்றனர்.

புராணம் போயிற்று, துப்பாக்கி நின்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே ஏறத்தாழ 60 பேரை, பெரும்பாலும் பழைய ஆட்சியின் பெரியோரை, விசாரணையின்றிச் சுட்டது அக்குழு. 1975 ஆகஸ்டில் மன்னரும் காவலிலேயே மடிந்தார். அரண்மனை வளாகத்தில் புதைக்கப்பட்ட அவர் எலும்புகள் 1992-இல்தான் வெளிவந்தன.