இரைச்சலைப் பகுத்தறியும் செவி

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில், இன்ஜினின் வேகம் கூடக்கூடத் தானும் சுருதி ஏறும் மெல்லிய சீழ்க்கை விமானியின் ஹெட்செட்டில் கேட்குமானால், அது பெரும்பாலும் மின்சாரம் ஆக்கித் தரும் ஆல்டர்னேட்டரின் குரல் என்பதைத் தேர்ந்த மெக்கானிக் எதையும் கழற்றும் முன்பே உணர்ந்துகொள்கிறார். சீராக விழும் டிக் ஒலி இறக்கை நுனியில் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கைக் காட்டிக்கொடுக்கும். பொரிவது போன்ற ஒலி, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மாக்னெட்டோவைக் காட்டும்.

அதன்பின் அவர் காட்டும் பொறுமைதான் பேரழகு: ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துச் செவிசாய்த்து, ஹெட்செட்டை இணைக்கும் ஜாக் எனப்படும் செருகுதுளை விமானத்தின் உலோக உடலைத் தொட்டு மின்னோட்டத்துக்கு வேண்டாத இரண்டாம் பாதை அமைக்காதபடி தடுக்கும், சட்டைப் பொத்தானளவே உள்ள மின்காப்பு வாஷரின் விரிசலை விரல்நுனியால் தடவிக் கண்டு, புதியதைப் பொருத்துகிறார். சீழ்க்கை அடங்குகிறது, மைக்கில் படும் மூச்சுகூடத் தெளிவாகக் கேட்கிறது.