பானையின் அடியில் ஒரு பெயர்

மரபைக் கும்பிடுகிறவர்களும் சரி, உடைக்கிறவர்களும் சரி, அது எங்கோ முழுசாக இருந்துகொண்டிருக்கிறது என்றே நம்புகிறார்கள். மரியா மார்ட்டினெஸின் பானைகள் இந்த நம்பிக்கையைச் சங்கடப்படுத்துகின்றன.

1980ல் இறந்த மரியா, நியூ மெக்ஸிகோவில் சான் இல்தெஃபோன்ஸோ என்ற பியூப்ளோ பழங்குடிக் கிராமத்துக் குயவர். அங்கே திகிரி கிடையாது. எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணைக் கயிறாக உருட்டி, வளையம் வளையமாக ஏற்றிக் கையாலேயே பானையை எழுப்ப வேண்டும். பிறகு கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். இதெல்லாம் பரம்பரை. ஆனால் அவருக்குப் புகழ் தந்த பாணி பரம்பரையாக வந்ததல்ல. எட்கர் ஹ்யூவெட் என்ற தொல்லியலாளர் தோண்டியெடுத்த ஓடுகளைக் காட்டி அதுபோலச் செய்யச் சொன்னதில் தொடங்கிய சோதனைகள், 1919 வாக்கில் வேறொன்றில் போய் முடிந்தன. முழுக்கறுப்புப் பானை அங்கே முன்பே உண்டு. மின்னும் கறுப்பின்மேல் மங்கிய கறுப்புச் சித்திரம் இல்லை.

மெருகேற்றிய பரப்பில் கணவர் ஹூலியன் மண்குழம்பால் சித்திரம் எழுதுவார். தீ உச்சத்தில் இருக்கும்போது சாணப்பொடியைக் கொட்டி அதன் மூச்சை அடைத்துவிடுவார்கள். காற்றுப்பட்டால் சிவந்திருக்கக்கூடிய மண், புகையில் கறுக்கிறது. தேய்த்த இடம் மின்னுகிறது. எழுதிய இடம் மங்குகிறது. இரண்டும் ஒரே நிறம். வெளிச்சத்தை ஏற்பதும் மறுப்பதும்தான் சித்திரம். பிற்பாடு பேரன் டோனி டா பானைகளில் நீலக்கல் பதித்தார். திறமைதான், ஆனால் எனக்கு அதில் நகைக்கடை தெரிகிறது.

வெள்ளையர் சந்தைக்காகப் பிறந்த கலை என்று இதை ஒதுக்கலாம். பானையின் அடியிலுள்ள கையெழுத்தே அந்தச் சந்தை கொண்டுவந்த பழக்கம்தான். 1920களில் முதலில் ‘மேரி’ மட்டும். அப்புறம் ஹூலியனும் சேர்ந்தார். 1943ல் அவர் இறந்தபின் மருமகள் ஸந்தானா. 1956 முதல் மகன் போப்போவி டா. இதுவரை ஒரு குடும்பத்தின் வரலாறு.

ஆனால் அண்டைவீட்டுப் பெண்கள் கேட்டபோது, அவர்கள் செய்த பானைகளிலும் மரியா தன் பெயரை எழுதிக்கொடுத்தார். பெயர் இருந்தால் விலை கூடும். சேகரிப்பாளர்களுக்கு இது போலி. எனக்கு, மரபு பற்றி அவர் செய்த ஒரே விமர்சனம் இதுதான். தனிமனிதக் கையொப்பம் என்ற அந்நியப் பொருளை வாங்கி, ஊர் மண்ணைப்போல அதையும் பொதுவாக்கிவிட்டார். பாணியையும் இப்படித்தான் ஊராருக்குக் கற்றுக்கொடுத்தார்.

அடியில் ‘மேரி’ என்றிருக்கும் ஒரு பானையை எழுப்பியது யார் கை என்று தெரியாமலே, அது நல்ல பானையா இல்லையா என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டு ஒரு கவிதையை நீட்டினால் நம்மில் எத்தனை பேர் வாய் திறப்போம்?