பனையேறும் மெசின்: ஏற்றிவிடும், விழுந்தால் பிடிக்காது

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப், தென்னைக்கென்று ஒரு மரமேறும் கருவியை வடிவமைத்தார். 2011இல் இந்தியத் தென்னை அபிவிருத்திச் சபை ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்களையும் பெண்களையும் இவ்வகைக் கருவியில் ஏறப் பழக்கியது. அதே வடிவத்தில் பட்டறை ஒன்றில் செய்த மெசினை யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையிலும் நெடுந்தீவிலும் பனைகளில் மாட்டி ஏறிப் பார்த்தேன். தென்னைக்குப் பிறந்த கருவி தீவகத்துப் பனைக்குச் சரிவருமா என்பதுதான் கேள்வி.

அமைப்பு

இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று என இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மேலே கைப்பிடி, கீழே பாதம் நுழைக்கும் மிதி, மரத்தைச் சுற்றி வந்து கொளுவும் உருக்கு வயர், தண்டில் அழுந்தும் றப்பர். மிதியில் பாரம் ஏறினால் வயர் இறுகும். காலையும் கைப்பிடியையும் சேர்த்துத் தூக்கினால் தளரும். மோட்டார் இல்லை, பற்றரி இல்லை. பழுதானால் ஊர்ப் பட்டறையிலேயே ஒட்டலாம். நான் ஏறியது ஏறக்குறைய 10 கிலோ. நெடுந்தீவுக்குப் போக, குறிகட்டுவானில் படகில் ஏற்ற ஒரு ஆள் போதும்.

ஏறும்போது

நிமிர்ந்து நின்றபடியே ஏறலாம் என்பது இதன் பெரிய பலம். நெஞ்சு மரத்தில் உரசாது, உள்ளங்கால் தேயாது. மரமேறிப் பழகாதவரும் கொஞ்ச நேரத்தில் தாளத்தைப் பிடித்துவிடுவார்.

சிக்கல் பனையின் உடம்பில் இருக்கிறது. அடி பருத்து, மேலே போகப்போக மெலியும் மரம் அது. அடியில் அளவெடுத்துக் கொளுவிய வயர் சில மீற்றர் உயரத்தில் தொளதொளத்து, மிதி கீழ்நோக்கிச் சரியத் தொடங்கும். அந்தரத்தில் நின்று, ஒரு கையால் வயரை இழுத்துச் சுருக்க வேண்டும். வடலிக்கு இது உதவாது. தண்டோடு நிற்கும் கருக்கு மட்டைகள் சட்டத்தை மறிக்கும். ஆல் சுற்றிய பனைக்கும், ஒட்டி வளர்ந்த இரட்டைப் பனைக்கும் அதே கதைதான்.

வட்டுக்குக் கீழே போனதும் மெசின் நின்றுவிடும். தேங்காய் பறிக்க அது போதும், ஒரு கத்தியை நீட்டினால் குலை விழும். பனையில் பாளை சீவ மட்டைகளுக்கு இடையில் ஏறி உட்கார வேண்டும். நான் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற சீவல்காரர் ஒருவர் சொன்னார்: “தம்பி, உது ஏத்திப்போட்டு அங்கயே நிண்டிடும். வேலை அதுக்கு மேலைதானே கிடக்கு.”

தளைநாரோடு ஒப்பிட்டால்

சீவல்காரரின் கருவி தளைநார். இரண்டு பாதங்களையும் பிணைக்கும் ஒரு வளையம், அவ்வளவுதான். பாதங்கள் விலக முடியாததால் இரண்டு உள்ளங்கால்களும் தண்டை நெருக்கிப் பிடிக்கும். ஒரு மரத்தில் இறங்கி அடுத்ததில் ஏற, நாரோடு நடந்தால் போதும். மெசினுக்கோ ஒவ்வொரு மரத்திலும் இரண்டு வயரைக் கழற்றிக் கொளுவ வேண்டும். காலையும் மாலையும் வரிசையாக மரமேறுபவருக்கு அந்த நேரம் கூலியில் கழியும். வேகத்தில் தளைநாரை மெசின் வெல்லாது.

பாதுகாப்பில் வெல்லுமா? இங்கேதான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். தளைநாரும் மெசினும் ஏறுவதற்கு உதவுபவை. கை நழுவினால் இரண்டுமே ஆளைப் பிடிக்காது. மெசினில் நிற்பது மரத்தோடு கட்டுண்டு நிற்பதாகாது.

ஏற உதவுவதையும் விழுந்தால் பிடிப்பதையும் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் பாறை ஏறுபவர்கள். பாறைப் பிளவில் கையையும் காலையும் செருகித் தங்கள் பலத்தில் ஏறுகிறார்கள். வழியில் சின்ன உலோக ஆப்புகளைப் பிளவின் ஒடுங்கிய இடத்தில் இறக்கி, கயிற்றை அதில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த ஆப்பு ஏற உதவாது. விழும்போது மட்டும் வேலை செய்யும், இழுக்க இழுக்க இறுகும். பிரித்தானிய ஏறிகள் முதலில் இயந்திர நட்டுகளின் உட்புரியைக் குடைந்தெடுத்து, கயிறு கோத்துப் பயன்படுத்தினார்கள். 1961இல் ஜோன் பிறெயில்ஸ்ஃபோர்ட் இதற்கென்றே ‘ஏகோர்ன்’ என்ற ஆப்பைச் செய்தார். 1978இல் றே ஜார்டினின் சுருள்வில் பொருத்திய ‘ஃபிரெண்ட்’ என்ற கருவி சந்தைக்கு வந்த பிறகும், அசையும் பாகமே இல்லாத ஆப்புகளை மட்டும் நம்பி ஏறுபவர்கள் இருக்கிறார்கள்.

மெசினோடு சேர்த்து வாங்க வேண்டியது

பனைக்கும் அப்படி எளிய பிடிமானம் உண்டு: முழு உடற்பட்டியும், மரத்தைச் சுற்றும் ஒரு பட்டிக்கயிறும். இடுப்புப்பட்டி மட்டும் போதாது. அது சாய்ந்து நின்று வேலை செய்வதற்கானது, விழுந்தால் முதுகை முறிக்கலாம். கயிற்றை வெறுமனே சுற்றினால் மெலிந்த தண்டில் வழுக்கி இறங்கும். பாரம் விழ இறுகும்படி சுருக்கிட்டுச் சுற்ற வேண்டும். மட்டையைத் தாண்டும் இடத்துக்கு இரண்டாவது கயிறு தேவை: ஒன்றை மேலே மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றலாம். வயரைச் சுருக்க நின்றபோது இந்தக் கயிறு இருந்ததால்தான் ஒரு கையை விட முடிந்தது.

விழுந்து தொங்குபவரை விரைவில் இறக்க வேண்டும். பட்டியில் அசையாமல் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. அதனால் கீழே ஒரு துணை ஆள் கட்டாயம். நெடுந்தீவில் விழுந்து பலத்த காயம்பட்டவர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடையக் கடல் தாண்ட வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பராமரிப்பு

உப்புக்காற்று உருக்கு வயரைத் தின்னும். ஏறுமுன் கையுறை போட்டு வயரைத் தடவிப் பாருங்கள். ஒரு இழை அறுந்து குத்தினாலும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் வயருக்கு மட்டும். றப்பரில் பட்டால் பிடி போய்விடும்.

முடிவு

வளவில் சில தென்னை, நெடுத்த பனை வைத்திருந்து, ஓலை வெட்டவோ காய் இறக்கவோ ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள் வாங்கலாம். சீவல் தொழிலுக்கு வேண்டாம், தளைநாரே வேகம். கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் மெசினை விடுங்கள், உடற்பட்டியையும் கயிறுகளையும் வாங்குங்கள். தளைநாரில் ஏறுபவருக்கும் அவை உதவும்.