செய்தவன் யார்? கூலி பெற்றவள் யார்?

பாவத்தின் விளைவைப் பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்திலே கூலி என்னும் உவமையால் விளக்கினார். தோட்டத்தில் உழைத்துப் பிழைக்கும் நம்மவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். செய்த வேலைக்குரிய கூலி தப்பாது வந்து சேரும் என்பதே அதன் கருத்து. ஆனால் வேலை செய்தவன் ஒருவனாகவும், கூலி பெறுபவள் வேறொருத்தியாகவும் இருப்பின் என் சொல்வது? இக்கேள்வியை எழுப்பி நம் உறக்கத்தைக் கெடுக்கும் நூல், ருஷ்ய ஆசிரியர் டால்ஸ்டாய் 1899-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'புத்துயிர்ப்பு' என்னும் நாவலாகும்.

நெஹ்லூதவ் என்னும் பிரபு, வாலிபத்தில் தன் அத்தைமார் வீட்டில் வளர்ந்த காத்யூஷா என்ற ஏழைப் பெண்ணைக் கெடுத்து, நூறு ரூபிள் நோட்டைக் கொடுத்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போய்விடுகிறான். அவள் கர்ப்பமுற்று அவ்வீட்டை விட்டு நீங்குகிறாள், குழந்தையும் இறக்கிறது, முடிவில் விலைமகளிர் விடுதியை அடைகிறாள். பல ஆண்டுகளுக்குப் பின், வியாபாரி ஒருவனை நஞ்சூட்டிக் கொன்றதாக அவள் கூண்டில் நிற்கும்போது, ஜூரிமாருள் ஒருவனாக அவனே அமர்ந்திருக்கிறான்! கொல்லும் எண்ணம் அவளுக்கில்லை என்பதைத் தம் முடிவில் எழுத ஜூரிமார் மறந்துவிட்டமையால், சைபீரியாவில் நான்காண்டுக் கடின உழைப்புத் தண்டனை அவள் தலையில் விழுகிறது. கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இவ்விடத்தில் சற்று நின்றுவிட்டோம். பேரேட்டில் ஒரு சொல் விடுபட்டால் ஒருவன் பற்று மற்றொருவன் பெயரில் ஏறிவிடும். அதைத் திருத்தச் சிவப்பு மையாவது உண்டு.

நெஹ்லூதவ் மனந்திரும்புகிறான். தமிழ் வேதாகமத்தில் வழங்கும் இச்சொல், உள்ளமே மாறிவிடுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் பெயர்ப்பாகும். அழுகையும் மார்பிலடித்துக் கொள்ளுதலும் மட்டுமே அதுவென்று எண்ணுவார் லூக்கா சுவிசேஷத்துச் சகேயுவை நோக்குவாராக. அந்த வரி வசூலிப்போன், தன் உடைமையில் பாதியை ஏழைகட்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக உரியவர்கட்கும் தர முன்வந்தான். அவன் அழுதான் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. நெஹ்லூதவும் அவ்வழியிலேயே நிலங்களைக் குடியானவர்க்கு விட்டுக்கொடுக்கிறான், அவளை மணக்கவும் முன்வருகிறான், சைபீரியாவரை பின்தொடர்கிறான்.

ஆயினும் நூலின் சிகரம், சிறைச்சாலையில் அவள் அவன்மீது சீறி விழும் இடமேயாம். அவனுடைய ஆன்மா கரையேறத் தன்னை ஓடமாக்கிக் கொள்ளப் பார்க்கிறான் என்று அவள் கண்டுகொண்டாள். பாவத்தையும் இரட்சிப்பையும் பற்றிப் பிரசங்கிப்போர் இவ்விடத்தைப் பலமுறை படிக்க வேண்டும். பாவியின் கண்ணீரைப் பேசும் நாவுகள், அவனால் கெட்டவள் என்னவானாள் என்று கேட்பது அரிது. நம் சமூகத்திலோ கேள்வியே எழுவதில்லை. கெடுத்தவன் மாலையும் கழுத்துமாய் வேறிடத்தில் மணவறை ஏறுகிறான். கெட்டவளுக்கு வந்ததைத் தலைவிதி என்கிறோம். கூலியை ஆள்மாற்றிக் கொடுத்துவிட்டு அதற்கு விதியென்று பெயரிடும் சாமர்த்தியம் நம்முடையது!

சிறைக்கோயில் வழிபாட்டை இந்நூல் எள்ளி வரைந்தது ருஷ்யத் திருச்சபைக்குச் சினமூட்டிற்று. 1901-இல் சபை டால்ஸ்டாயை விலக்கிற்று. அவரோ, போர்த்தொழிலை மறுத்துத் துன்புற்ற டுகோபார் என்னும் கிறிஸ்தவக் குழுவினர் கனடாவில் குடியேற இந்நூலின் வருவாயைத் தந்திருந்தார். சகேயுவின் வழி எவருடையது என்பதை அன்பர்களே தீர்மானிக்கட்டும்.

குறையும் சொல்லவேண்டும். இறுதியில் நெஹ்லூதவ் மத்தேயு சுவிசேஷத்தைத் திறந்து கட்டளைகளை எண்ணத் தொடங்கியதும் கதை உபதேசமாய்விடுகிறது. அதற்குள் காத்யூஷா நம் பார்வையினின்றும் மறைந்துவிட்டாள். தண்டனை குறைக்கப்பட்ட பின்னரும் அவனை ஏற்காமல், சிமொன்சன் என்னும் அரசியற் கைதியுடன் வாழத் துணிந்தாள். தன்மேலுள்ள அன்பினாலேயே தன்னை விடுவித்தாள் என்று அவள் பார்வையினின்றும் நெஹ்லூதவ் அறிந்துகொண்டானாம். நாம் அதை முழுதும் ஏற்பதற்கில்லை. அவள் தன் வாயால் அப்படிச் சொல்லவில்லை.